கேபின் மேல் இரண்டு தட்டு

இரவு எட்டரை மணி இருக்கும். ஏரிக்கரைச் சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தைல மரங்கள். விளக்குக் கம்பம் ஒன்றுகூடக் கிடையாது...

இது என்னோடு வேலை பார்க்கிறவனின் பெரியப்பாவுக்கு நடந்தது. லாரி ஓட்டுகிறவர். யாராவது பேய், பிசாசு என்று பேச்செடுத்தாலே, "போய்ப் பொழப்பப் பாருங்கப்பா" என்று எழுந்து போய்விடுகிற ஆள்.

அன்றைக்கு ஊரில் ஊர்வலம். போரில் செத்துப்போன அந்த வட்டாரத்துச் சிப்பாய்களுக்காக வருடா வருடம் நடப்பது. முன்னால் பேண்டு. பின்னால் பள்ளிப் பிள்ளைகள். நடுவே பெரியப்பாவின் லாரியில், இறந்தவர்களின் ஆளுயரப் படங்கள். அதற்கு அவர் வாடகை வாங்கமாட்டார். "என் பையனும் அங்கதான நிக்கிறான்" என்பார். ஒரே மகன். எல்லையில், பனிமலை மேல் காவல்.

ஊர்வலம் முடிந்ததும் படங்களை அவரவர் வீட்டார் இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெரியப்பா லாரியைக் கழுவிவிட்டுத் தனியாகக் கிளம்பினார்.

காலி லாரி எப்படிப் போகும்? தடதடவென்று. பின்கதவுச் சங்கிலி ஓயாமல் அடித்துக்கொள்ளும். ஏரிக்கரை ஏறியதும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. பாரம் ஏற்றியதுபோல் மேட்டில் வண்டி முக்கியது. கியரைக் குறைத்தார். அப்போதுதான் அந்த வாசனை... பூட்ஸ் பாலிஷ். ஈரக் கம்பளி.

டக். டக்.

கேபின் கூரையில். பின்னால் நிற்கும் சுமைக்காரர்கள் இறங்கவேண்டுமென்றால் அப்படித்தான் தட்டுவார்கள். பழக்கத்தில் கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது. வண்டி நின்றது. கண்ணாடியில் பார்த்தார். பின்னால் யாருமில்லை. ஆனால் வண்டி லேசாக ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்தது. ஆள் குதித்தால் நிமிருமே, அப்படி. சரளைக் கல்லில் பூட்ஸ் சத்தம். மரங்களுக்குப் பின்னால் இருந்த வீட்டுப் பக்கம் போய்... தேய்ந்தது. சாயங்காலம் அந்த வீட்டுக்காரர் தம்பியின் படம் லாரியில் இருந்தது.

பெரியப்பாவுக்கு இறங்கிப் பார்க்கத் தைரியமில்லை. கிளப்பினார்.

பாலம் தாண்டியதும் மறுபடி. டக். டக். நிறுத்தினார். நிறுத்தாமல் இருக்கப் பயமாக இருந்தது. சாலையோரம் ஒரு சின்ன வீடு. அங்கிருந்த அம்மாள் சாயங்காலம் ஊர்வலம் முழுக்க லாரியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டே நடந்தவர். வண்டி நிமிர்ந்த அதே நொடி அந்த வீட்டுக் கதவு திறந்தது. அவர் வாசலில் நின்று சாலையைப் பார்த்தார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார். வழிவிட்டு... கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்படியே வழிநெடுக. தட்டு. நிறுத்தம். பூட்ஸ் சத்தம். வண்டி லேசாகிக்கொண்டே வந்தது. சங்கிலி கொஞ்சம் கொஞ்சமாக ஆட ஆரம்பித்தது. கடைசி வீடும் தாண்டியாயிற்று. இனி அந்தப் பக்கம் படத்தில் இருந்தவர்கள் யாருக்கும் வீடில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

ஆனால் கம்பளி வாசனை போகவில்லை.

அவருடைய தெருமுனை. தூரத்தில் வாசலில் மனைவி நிற்பது தெரிந்தது.

டக். டக்.

இம்முறை கூரை நடுவில் இல்லை. அவர் தலைக்கு நேர் மேலே.

அந்தத் தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போனவன் ஒருவன்தான்.

பெரியப்பா பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தார்.

"என்னங்க! வண்டிய எங்க கொண்டு போறீங்க?" மனைவியின் குரல் பின்னால் போய்விட்டது. தட்டு நிற்கவில்லை. முதலில் விரலால். பிறகு உள்ளங்கையால். பிறகு முஷ்டியால்... தகரம் அதிர்ந்தது.

"மாட்டேன்டா! இங்க எறங்கக் கூடாது நீ! மாட்டேன்!"

கத்திக்கொண்டே ஓட்டினார். எந்த ஊர், எந்தச் சாலை, ஒன்றும் தெரியாது. ராத்திரி முழுக்க. கிழக்கு வெளுக்கும் நேரம் தட்டுவது சட்டென்று நின்றது. சங்கிலி தடதடவென்று அடித்துக்கொண்டது. வண்டி காலி. ஓரங்கட்டினார். ஸ்டீயரிங்கிலிருந்து விரல்களைப் பிரிக்க முடியவில்லை.

அன்று மதியம் போன் வந்தது. முந்தின இரவு மலையில் பனி சரிந்து முகாம் புதைந்துவிட்டது. உள்ளே இருந்தவர்களில் ஒரே ஒருவனைத்தான் விடியற்காலையில் உயிரோடு தோண்டி எடுத்தார்கள்.

அவர் மகன்.

பெரியப்பா யாரிடமும் வாய் திறக்கவில்லை. மனைவியிடம்கூட, பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து மகன் விடுப்பில் வந்தான். வலதுகையில் கட்டு. ஸ்டேஷனுக்கு லாரியிலேயே போய் அழைத்துவந்தார். பையன் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான். தெருமுனை வந்தது. பெரியப்பா வேகத்தைக் குறைத்தார். வாசலில் அம்மா.

பையன் அம்மாவைப் பார்த்தான். அப்புறம் மெல்ல அப்பா பக்கம் திரும்பினான்.

"கை ஒடையுற மாதிரி தட்டுனேனேப்பா... கூட வந்தவங்களையெல்லாம் எறக்கிவிட்டீங்க. என்னை மட்டும் ஏன் எறக்கிவிடல?"