மூன்று கால் வாத்து

பீங்கான் தெரிந்தவர்கள் பொருளின் முகத்தைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். கையில் எடுத்ததும் கவிழ்த்துவிடுவார்கள். அடியில் நீல நிறத்தில் இரண்டு வாள்கள் குறுக்காக இருந்தால் அது ஜெர்மனியின் மைசென் ஆலையில் செய்தது. பக்கத்தில் எண், கீறல், பழைய சீட்டு என்று என்ன மிஞ்சியிருக்கிறதோ அதை வைத்துத்தான் அது யார் வீட்டில் இருந்தது என்று சொல்ல முடியும். மேலே உள்ள பூவும் பொம்மையும் வாங்குகிறவர்களுக்கு. அடிப்பக்கம் எங்களுக்கு.

என் பெயர் யோர்டிஸ் போலென்ஸ். கிழக்கு ஜெர்மனியில் லௌசிட்ஸ் பக்கத்து நிலக்கரி ஊர். அப்பா சுரங்கத்தில் எந்திரம் ஓட்டினார். அம்மா பள்ளிக்கூடத்தில் தரை துடைத்தாள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் முதலில் கால் வைத்தவள் நான். கலை வரலாறு படிக்கப்போகிறேன் என்றதும் அப்பா சிரித்தார். "ஊரான் வீட்டுத் தட்டப் பாக்குறதுக்கா ஏழு வருஷப் படிப்பு? பசிச்சவ தட்டுல என்ன இருக்குன்னு பாக்கணும்டி, தட்டையே பாக்கக் கூடாது."

லைப்சிக்கில் ஓர் ஏல நிறுவனத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். பீங்கான் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் ஏரன்ரைக். நான் எழுதும் குறிப்புகள் அவர் பெயரில் அச்சாகும். வாடிக்கையாளர்களுக்கு நான் காப்பி கொண்டுவந்தால் அவர்கள் முன்னாலேயே சொல்வார்: "பாத்தும்மா, ரெண்டு கையாலயும் புடி. இது உங்க சுரங்கத்து கேன்டீன் மக் இல்ல." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தேயிலை போட்டு வைக்கும் அந்தப் பீங்கான் பேழையைக் கண்டெடுத்தது நான்தான். கோலிஸ் பகுதியில் ஒரு பல் மருத்துவர் குடும்பத்தின் பழைய வீடு. கடைசி ஆளும் செத்த பிறகு வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த மைக் என்னைக் கூப்பிட்டான். ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தது. உள்ளங்கை அகலம், மூடியோடு. நான்கு பக்கமும் தேநீர் ஊற்றும் சீனர்கள், பொன் கோடு. சுமார் முந்நூறு வருடப் பழசு. கவிழ்த்தேன். வாள்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே சிவப்பாக ஏதோ கிறுக்கல்.

"என்ன டாக்டரம்மா, பேயப் பாத்த மாதிரி நிக்கிற?"

"சும்மா இரு, மைக்."

"அட, நகப்பூச்சு! வாத்தா அது? மூணு காலு வேற. இரு, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். எம் பொண்டாட்டியும் கண்ட இடத்துல இப்படித்தான் பூசி வெப்பா."

அவன் படம் எடுத்ததை நான் அப்போதே மறந்துவிட்டேன். மறக்காமல் இருந்திருந்தால் இப்படி விசாரணைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஏரன்ரைக் பேழையைக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு, "ஏலப் பட்டியலோட அட்டையில இதுதான். குறிப்ப நீயே எழுது. உம் பேருலயே போட்டுக்கோ. அந்தச் சிவப்ப மட்டும் எடுத்துரு, அசிங்கமா இருக்கு" என்றார். போன வாரம் உங்களிடம் இதைத்தான் சொன்னேன்: தலைவர் சொன்னார், துடைத்தேன். அது பொய் இல்லை. ஆனால் அவர் சொன்ன அன்று நான் துடைக்கவில்லை. வேறு வேலை இருந்தது. பத்து நாள் கழித்துத் துடைத்தேன். அதற்குள் பேழையின் படம் எங்கள் இணையப் பக்கத்தில் வந்துவிட்டது. தென் அமெரிக்காவில் மோன்டெவிடியோவிலிருந்து கடிதமும் வந்துவிட்டது.

தபால் பிரிப்பதும் என் வேலைதான். எழுதியவர் ஹெர்பர்ட் லிலியன்ஹைன், எண்பத்து மூன்று வயது. 1939-இல் ஐந்து வயதில் அத்தையோடு கப்பல் ஏறியவர். அக்கா எடித்துக்கு அம்மை போட்டிருந்ததால் கப்பலில் ஏற்றவில்லை. அவள் அப்பா அம்மாவோடு லைப்சிக்கிலேயே தங்கிவிட்டாள். 1942-இல் யூதக் குடும்பங்களை ரயிலில் ஏற்றி அனுப்பியபோது அவர்களையும் அனுப்பினார்கள். பிறகு வீட்டுச் சாமான்களை வாசலில் வைத்து ஏலம் விட்டார்கள். தெருக்காரர்கள் வந்து வாங்கிப் போனார்கள்.

தன்னிடம் எந்தக் காகிதமும் இல்லை என்று எழுதியிருந்தார். ஒரே அடையாளம், அக்கா அம்மாவின் நகப்பூச்சை எடுத்துப் பேழையின் அடியில் வரைந்த வாத்து. மூன்றாவது கால் எதற்கு என்று கேட்டாராம். நின்று நின்று கால் வலித்தால் மாற்றி வைக்க என்றாளாம். "எனக்குப் பேழை வேண்டாம். வாத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எடித்தின் புகைப்படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவள் கைபட்டதாக வேறு எதுவும் இந்த உலகத்தில் இல்லை."

பேழை வேண்டாம் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். பின்னாலேயே வழக்கறிஞர் வருவார். பேழையை ஏலத்திலிருந்து எடுப்பார்கள், அட்டையை மாற்றுவார்கள், என் பெயரும் அதோடு போகும். என் கொள்ளுப்பாட்டியும் இப்படி ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் கழுவியவள்தான். அவள் வரைந்த வாத்தை யார் பத்திரமாக வைத்திருந்தார்கள்? அவள் கைபட்டதைத் தேடி யார் கடல் தாண்டி வந்தார்கள்? அன்றைக்கு எனக்கு இது நியாயமாகவே பட்டது.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அலமாரியைத் திறந்தேன். பஞ்சுக்குச்சியை அசிட்டோனில் நனைத்து முதலில் அந்த மூன்றாவது காலை எடுத்தேன். எண்பது வருடம் ஆனாலும் நகப்பூச்சு அசிட்டோனுக்குத் தாங்காது. நான்கு குச்சிகள் போதுமாக இருந்தன. கடிதத்தைக் காகிதம் அரைக்கும் எந்திரத்தில் போட்டேன்.

ஏலத்துக்கு முன்பு மூன்று நாள் பொருட்களைப் பார்வைக்கு வைப்போம். யார் வேண்டுமானாலும் கையில் எடுத்துப் பார்க்கலாம். இரண்டாம் நாள் காலையில் அவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கைத்தடி. ஏரன்ரைக் வியன்னாவுக்குப் போயிருந்தார்.

"ஏம்மா, கையில எடுத்துப் பாக்கலாமா?"

"தாராளமா எடுங்க, ஐயா. ரெண்டு கையாலயும் புடிங்க."

கவிழ்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்தார். வாள்களுக்குக் கீழே சரியாக அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார்.

"இங்கதாம்மா இருந்துச்சு. கடுதாசி போட்டிருந்தேனே, வரலியா?"

"இல்லீங்களே, ஐயா."

"யாராச்சும் தொடைச்சீங்களா?"

"நாங்க எதையும் தொடைக்கிறதில்லீங்க. முந்நூறு வருஷமானாலும் பீங்கான் எதையும் மறக்காது. மனுஷங்கதான் ஒண்ண இன்னொண்ணா மாத்தி ஞாபகம் வெச்சுக்குவாங்க. நீங்க அப்பச் சின்னப் பிள்ளை."

மெதுவாகத்தான் சொன்னேன். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தையும் பேசவில்லை.

கட்டைவிரலை எடுத்தார். பிறகு பேழையை என்னிடம் நீட்டினார். "அப்ப நானாத்தான் கற்பனை பண்ணிக்கிட்டேன் போல. உன்னோட வேலையக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கம்மா." போகும்போது பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். சுண்டக் காய்ச்சிய பால் இனிப்பை நடுவில் வைத்த அவர்கள் ஊர் பிஸ்கட். "இதக் கண்டுபிடிச்சவங்களுக்குன்னு வாங்கியாந்தேன். நீயே வெச்சுக்கோ." மதியம் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து நடந்த ஏலத்தில் ஒரு ஜப்பானியர் பேழையை வாங்கினார். பட்டியலில் என் பெயர் வந்திருந்தது. அம்மா அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள்.

அவருடைய மகள் உங்களுக்கு எழுதியதை நேற்று எனக்குப் படித்துக் காட்டினீர்கள். ஊர் திரும்பிய பிறகு அவர் அக்காவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் மகளிடம், "எனக்கு அக்கான்னு ஒருத்தி நெஜமாவே இருந்தாளா?" என்று கேட்டார். பிப்ரவரியில் இறந்துபோனார். மகளின் கண்ணில் பட்ட அந்த வாத்துப் படத்தை மைக்கின் மனைவி வேடிக்கைக்காக இணையத்தில் போட்டது மார்ச்சில்.

வேலைக்காகச் செய்தாயா, கோபத்தில் செய்தாயா என்று கேட்கிறீர்கள். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது.

ஏலம் முடிந்து, பேழையை ஜப்பானுக்கு அனுப்பப் பெட்டி கட்டும்போது மூடியைத் திருப்பினேன். உள் விளிம்பில் அதே சிவப்பில் ஒரு விரல் பதிந்திருந்தது. பட்டாணி அளவுதான். ரேகைகூடத் தெளிவாகத் தெரிந்தது. பொருள் விற்றாகிவிட்டது, என் பெயர் அச்சாகிவிட்டது, கிழவர் விமானம் ஏறிவிட்டார். அது அங்கே இருப்பதால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

அதையும் துடைத்தேன். அதற்கு ஒரு குச்சியே போதுமாக இருந்தது.