குழாயடிப் பூட்டின் சாவி

எந்த நகரத்தையும் தனி மனிதன் எரித்ததில்லை. வரலாறுதான் எரிக்கிறது, மனிதன் தீப்பெட்டியை எடுத்துக் கொடுப்பதோடு சரி. முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் அமெரிக்க வரலாறு நடத்திய ஹரிநாராயணன் என்கிற முறையில் இதை நான் அறுதியிட்டுச் சொல்லலாம். எங்கள் தெருவில் எரிந்தது ஒரு ஓட்டு வீடும் ஒரு டீக்கடையும் ஆறு சைக்கிளும். ஆனாலும் கொள்கை அதேதான்.

சப் இன்ஸ்பெக்டர் ஸ்ரீஜித், நீங்கள் என் பழைய மாணவர். ‘சிவில் உரிமைக் காலத்து இனக் கலவரங்கள்: காரணங்களும் விளைவுகளும்’ என்ற பதினைந்து மார்க் கேள்வியில் நீங்கள் நாலு வாங்கினீர்கள். அதனால் நிதானமாகவே சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் எங்கள் அக்ரஹாரத் தெருவின் கடைசி வீடு பிச்சுமணியுடையது. அவன் பெங்களூரு போனதும் அதை ஒடிஷாவிலிருந்து வந்த பதினோரு கட்டடத் தொழிலாளிகளுக்கு வாடகைக்கு விட்டான். அவர்கள்மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. ஓணத்துக்கு அவர்களுக்குப் பாயசம் கொடுப்பதென்று தெருச் சங்கத்தில் தீர்மானம் கொண்டுவந்தவனே தலைவராகிய நான்தான். கொடுத்தோமா என்பது வேறு விஷயம்.

ஆகஸ்டில் மெயின் பைப் உடைந்து நாலு நாள் ஊரில் தண்ணீர் இல்லை. தெருவுக்கு மிஞ்சியது சங்கத்துக் கிணறு, மோட்டார், கம்பிக் கூண்டுக்குள் ஒரே குழாய். கூண்டைப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொண்டேன். தெருக்காரர்களுக்குக் காலையும் மாலையும் ஒரு மணி நேரம். ஒடிஷாக்காரர்களுக்குக் கடைசியில், ஆளுக்கு ஒரு குடம்.

1966 கோடையில் சிகாகோவில் வெக்கை தாங்காமல் கறுப்பினப் பிள்ளைகள் தெருவிலிருந்த தீயணைப்புக் குழாயைத் திறந்து நனைந்தார்கள். போலீஸ் அடைத்தது. அதிலிருந்து மூன்று நாள் கலவரம். வகுப்பில் இந்த இடம் வரும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வேன். ஆனால் அது அரசாங்கக் குழாய். எங்களுடையது சங்கக் குழாய். இரண்டையும் ஒப்பிடுவது ஆராய்ச்சி ஆகாது.

தண்ணீர் நின்ற மூன்றாம் நாள் ஆவணி அவிட்டம். முந்தின சாயங்காலம் சங்கக் கூட்டத்தில் பூணூலின் மகிமை பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். “அது என்ன சுவத்து ஆணியா, சாவி மாட்டிக்கறதுக்கு?” என்று நான் கேட்டதும், எதிர்வீட்டு மஹேஷ் சட்டைக்குள் கையைவிட்டு ஸ்கூட்டர் சாவியை அவசரமாக அவிழ்த்தான். எல்லோரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

மறுநாள் காலைத் தண்ணீரைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டு ஆண்கள் எல்லோரும் கரமனை ஆற்றுக்குப் போய்ப் பூணூல் மாற்றிக்கொண்டு வந்தோம். சாப்பாடு, தூக்கம். நாலு மணிக்குக் குழாயடியில் தெருவே குடத்தோடு நின்றது. பூட்டின் முன்னால் போய் நின்றேன். கை வழக்கமான இடத்துக்குப் போயிற்று. அங்கே சாவி இல்லை.

“என்னன்னா, மரம் மாதிரி நிக்கறேள்? திறங்கோ” என்றாள் என் மனைவி விஜயலக்ஷ்மி.

“காணோம்.”

“எங்கே வச்சேள்?”

மஹேஷ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வரிசையின் கடைசியில் ஒடிஷாக்காரன் ஒருவன், “சாரே, கொறச்சு வெள்ளம். நிரஞ்சனுக்கு ஜுரம்” என்று அரைகுறை மலையாளத்தில் கொஞ்சம் தண்ணீர் கேட்டான்.

வீட்டுக்குப் போய்த் தெருவின் வாட்ஸப் குரூப்பில் இரண்டு வாக்கியம் போட்டேன். ‘சாவியைக் காணவில்லை. நேற்று மாலை கடைசியாகக் குழாயடியில் நின்றவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.’ இரண்டிலும் பொய் கிடையாது, சரிபார்த்துக்கொள்ளலாம். அரை மணியில் அது ‘சாவியைத் திருடிவிட்டார்கள்’ ஆயிற்று. ஒரு மணியில் ‘கிணற்றில் விஷம்’. வதந்தி பரவும் விதம் பற்றி நான் இருபது பக்கக் கட்டுரை எழுதியவன். மறுத்து ஒரு வரி போட்டிருக்கலாம். வேகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்கு அக்கம்பக்கத்திலிருந்து நூறு பேர் வந்தார்கள். தெருமுனையில் தாசையனின் டீக்கடைதான் முதலில் எரிந்தது. தொழிலாளிகளை உட்கார வைக்க அவர் பெஞ்ச் போட்டிருந்தார். அடுத்தது கடைசி வீடு. பத்துப் பேர் பின்சுவர் ஏறிக் குதித்து ஓடினார்கள். நிரஞ்சன் மச்சில் ஜுரத்தோடு படுத்திருந்தான்.

பாத்திரக்கடைக் கோலப்பன் கடப்பாரையோடு நான் நின்ற குழாயடிக்கு ஓடி வந்தான். நாகர்கோவில்காரன், அவசரக்காரன்.

“சாரே, தள்ளி நில்லும். ஒரே போடு, பூட்டு தெறிச்சிரும். உள்ள ஒரு பய கெடக்கான்.”

“சங்கத்துப் பூட்டு, கோலப்பா. கமிட்டி கூடாம உடைக்க முடியாது.”

“கமிட்டியா? வேய், உமக்குப் பைத்தியமா?”

கூண்டின் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். யோசித்துத்தான் செய்தேன். சாவி இல்லாமலே பூட்டுத் திறந்துவிடும் என்றால் சாவித் திருடன் எதற்கு? திருடன் இல்லையென்றால், விஜயலக்ஷ்மி கேட்ட கேள்வி திரும்ப வரும். கோலப்பன் என் வயசுக்கு மரியாதை கொடுத்து ஐந்து நிமிஷம் வாதாடினான். பிறகு என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டு உடைத்தான். முதல் குடம் போவதற்குள் மச்சு இறங்கிவிட்டது.

விளைவுகள் என்று பார்த்தால், மிச்சப் பத்துப் பேரும் ரயிலேறிப் போனார்கள். பிச்சுமணி ஓட்டுக்காக அழுதான். நிரஞ்சனுக்குச் சங்கம் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றியது. ஆங்கிலத்தில் நானே எழுதினேன். நடை நன்றாக இருக்கிறது என்றார்கள். காரணங்களை ஒன்பது பக்கத்தில் தனியாக இணைத்திருக்கிறேன். குடிநீர்த் தட்டுப்பாடு, இட நெருக்கடி, வதந்தி, காவல்துறையின் தாமதம். உங்கள் ஜீப் ஏழேகாலுக்குத்தான் வந்தது, அது நாலாவது காரணம். மொத்தம் பதினான்கு.

அத்தனையும் படித்துவிட்டு நீங்கள் கேட்டது ஒன்றுதான்: “அதெல்லாம் சரி சார், சாவி எங்கே?”

இதனால்தான் உங்களுக்கு நாலு மார்க். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், பதிவுக்காகச் சொல்கிறேன். சாவி கரமனை ஆற்றில் இருக்கிறது. பழைய பூணூலைக் கழற்றித் தண்ணீரில் விட்டபோது, அதில் முடிந்திருந்ததை அவிழ்க்க மறந்துவிட்டேன்.