இலை செவக்குற காட்டுக்கு ஒரு வேனு

மாசியா? மாசி பங்குனியெல்லாம் வேணாம் தம்பி. ஐப்பசிதான். தீவாளிக்கு முந்தின வாரம். ஆமா, தெரிஞ்சேதான் சொல்றேன். ஜவுளிக்கடைக்காரி தீவாளிக்கு முந்தின வாரம் கடையைப் பூட்டிட்டு மேகமலைக்குக் காடு பாக்கப் போறேன்னு சொன்னா, ஒங்களுக்கு மண்டை காயத்தான் செய்யும். உக்காருங்க. அந்தச் சீலைக் கட்டை அங்கிட்டு ஒதுக்கிட்டு உக்காருங்க. சத்தமாப் பேசுறேன்னு தப்பா நெனக்காதீக. பஜாருல எனக்கு ரேடியோன்னுதான் பேரு.

பாலவனத்தத்துல இருந்து வேன் வாடகை பேச வந்திருக்கீக, ஒரு டீ வாங்கித் தரலாம்தான். ஆனா டீக்கடையில அவுக உக்காந்திருக்காக. எதுத்தாப்புல, அந்தா, பெஞ்சுக்கு நடுவுல கட்டம் போட்ட சட்டை, அவுகதான் எங்க வீட்டுக்காரக. வெளிய போர்டுல பாத்தீகளே, சௌந்தரபாண்டியன் டெக்ஸ்டைல்ஸ்னு, அவுகளேதான். இந்தப் பக்கம் இருக்கவரு மெடிக்கல் ஷாப் அசோக்கு, அந்தப் பக்கம் இருக்கவரு தங்கபாண்டி, பவர்லூம் வச்சிருக்காரு. மூணு பேரும் அங்க என்ன பேசுறாகன்னு நெனக்கிறீக? காட்டுக்குப் போறதைப் பத்தித்தான். நாலு வருசமாப் பேசுறாக. இப்ப அடுத்த வருசம் போறதைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்காக. நான் இங்க வண்டி பேசுறது அவுகளுக்குத் தெரியாது.

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சவதான்.

எல்லாம் ஒரு போட்டோவால வந்த வெனை தம்பி. எவனோ போனுல அனுப்பிச்சிருக்கான். வெளிநாட்டுக் காடு. தரை பூராம் செவப்பு இலை, மேல மரமும் செவப்பு, சுத்திவரப் பனி, நடுவுல ஒரு மானு இவுகளையே பாத்துக்கிட்டு நிக்குது. அவ்வளவுதான். இவுகளுக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சு. அக்டோபர் வந்தா இலை செவக்கும் கனகு, ஒரு தடவை அதைப் போட்டோ புடிக்கணும் கனகுன்னாக. ஏங்க, அது அவன் ஊருங்க, நம்ம ஊர்ல அக்டோபர்ல மழைங்க, வருசம் பூராம் காஞ்சு கெடக்குற கம்மாக்கரைகூட அப்பத்தான் கொஞ்சம் பச்சையாத் தெரியும்னேன். ஒனக்கு ரசனை இல்லைன்னுட்டாக. அப்ப ரசனை இல்லாதவளை எதுக்குக் கட்டுனீகன்னு கேட்டேன்.

இதுல கூத்து என்னன்னா, அந்த இலை செவக்குறதுக்கு வேற நாளே கெடைக்கலை பாருங்க. ஆடித் தள்ளுபடி முடிஞ்சு ஈ ஓட்டிக்கிட்டு இருப்போம்ல, அப்பச் செவக்காது. தை முடிஞ்சு கடையில ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம்ல, அப்பவும் செவக்காது. கரெக்டா ஐப்பசியில, பரளச்சி, திருச்சுழிப் பக்கத்துச் சனம் பூராம் குடும்பத்தோட பஸ்ஸு ஏறித் தீவாளித் துணி எடுக்க வரயிலதான் செவக்கும். ஜவுளிக்காரன் பொழப்பைக் கெடுக்கவே செவக்கும். அதனால ஒவ்வொரு வருசமும் பிளான் போடுவாக, ஒவ்வொரு வருசமும் தீவாளி வந்துரும்.

ஆனா பிளானுல ஒரு கொறை சொல்ல முடியாது. போனுல குரூப்பு வச்சிருக்காக, அருப்புக்கோட்டை வனவிலங்கு நண்பர்கள்னு. மொத்தம் மூணு நண்பரு, விலங்கு ஒண்ணும் சேரலை. காலையில எந்திரிச்சதும் ஒருத்தருக்கு ஒருத்தரு புலி படம் போட்டு வணக்கம் வச்சுக்குவாக. அப்புறம் இலைதழை போட்ட கலர்ல மூணு பேருக்கும் பேண்ட்டு சட்டை. ஜவுளிக்கடைக்காரரு அதை மதுரையில போயி வாங்கியிருக்காக தம்பி, அந்தக் கொடுமையை எங்க சொல்ல? கேமராவுக்கு மழைக்கோட்டு வாங்கினாக. மனுசனுக்கு வாங்கலை. மூணு காலு ஸ்டாண்டு ஒண்ணு வந்துச்சு. சும்மா நின்னுச்சேன்னு நான் அதுல ரவிக்கைத் துணியைத் தொங்கப் போட்டேன். வந்த பொம்பளைக பூராம் அந்த ஸ்டாண்டு என்ன வெலைன்னுதான் கேட்டாளுக.

எங்கயாச்சும் போயிருக்காகளான்னா கேக்குறீக? போனாகளே. பரளச்சிக்குப் போனாக. ட்ரெயினிங்காம். கம்மாய்க்குள்ள சீமைக்கருவேல் மண்டிக் கெடக்குல்ல, அதுதான் வனம். மயில் வரும், ஒளிஞ்சிருந்து எடுக்கணும்னு மூணு பேரும் அந்த இலைதழைச் சட்டையைப் போட்டுக்கிட்டு முள்ளுக்குள்ள குப்புறப் படுத்திருக்காக. வெறகு வெட்ட வந்த பொம்பளை ஒருத்தி பாத்துட்டா. அங்கிட்டுக் கொஞ்ச நாளா ஆடு களவு போய்க்கிட்டு இருந்திருக்கு. அவ போட்ட சத்தத்துல ஊரே கம்போட வந்துருச்சு. தங்கபாண்டி எந்திரிச்சு ஓடுனதுல பேண்ட்டு கிழிஞ்சுபோச்சு. அசோக்கு, அம்மா நான் மெடிக்கல் ஷாப்பு, மெடிக்கல் ஷாப்புன்னு கத்தியிருக்காரு. நல்லவேளை, கூட்டத்துல நம்ம கடையில கல்யாணத் துணி எடுத்த ஒச்சம்மான்னு ஒரு அம்மா இருந்திருக்கு. அட, நம்ம ஜவுளிக்கடை மொதலாளில்ல இவுகன்னு சொல்லி விட்டுருக்கு. இல்லைன்னா அன்னைக்கே மூணு பேரும் வனவிலங்காயிருப்பாக.

அதைவிடக் கேளுங்க. அம்புட்டு அடிதடிக்கு நடுவுலயும் எங்க வீட்டுக்காரக ஒரு போட்டோ எடுத்துட்டாக. மயில் உக்காந்திருக்கு, என்னா நீலம், என்னா நீலம்னு குரூப்புல போட்டாக. எல்லாரும் பெருசு பண்ணிப் பாத்தா, உரச்சாக்கு. நீலக் கலர் உரச்சாக்கு முள்ளுல மாட்டித் தொங்குது. ஒரு வாரம் பஜாரே சிரிச்சுச்சு. டீ மாஸ்டருகூட, என்ன மொதலாளி, சாக்கு தோகை விரிச்சுச்சான்னு கேட்டான். இவுகளும் கூடச் சேந்து சிரிச்சாக. அட, நான் தமாசுக்குத்தான் போட்டேன்னாக. நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன்.

என்ன? ஏழு பேரு போற வேனு எதுக்கா? ரெண்டே பேருதான் போறோம். நானும் அவுகளும். வனவிலங்கு நண்பர்கள் வரலை. இந்த வருசம் கட்டாயம் போறோம்னு இவுகளே அடம் புடிச்சாக தம்பி, நாலு வருசத்துல மொத தடவையா. தீவாளியாவது ஒண்ணாவது, போறோம்னாக. ஒடனே ரெண்டு பேரும் நழுவிட்டாக. தீவாளி ஆர்டரு இருக்கு, தறியை நிறுத்த முடியாதுன்னு தங்கபாண்டி. அசோக்குக்கு, அப்பப் பாத்து மச்சினன் வீட்டுல விசேசமாம். பேசுறதுன்னா முன்னாடி நிப்பாக, வண்டியில ஏறுறதுன்னா ஒருத்தனையும் காணோம். இவுக மூஞ்சி செத்துப்போச்சு. சரி விடு கனகு, அடுத்த வருசம் பாப்போம்னுட்டாக. அன்னையில இருந்து அங்க உக்காந்து அடுத்த வருசத்துக்குப் பிளான் போடுறாக. அந்தா, கையை ஆட்டி ஆட்டிப் பேசுறாக பாருங்க.

எனக்கு அதைப் பாக்கயில கோவம் கோவமா வருது.

இல்லை தம்பி, மழை பேஞ்சா பேயட்டும். மேகமலையில அட்டை இருக்கும், ரோட்டுல மண்ணு சரியும், மேகமூட்டமா இருக்கும், எல்லாம் சரி. அங்க இலை செவக்காதுன்னும் எனக்குத் தெரியும். நீங்க நல்ல மனசோடதான் சொல்றீக, மாசியில போனா வானம் தெளிவா இருக்கும், மிருகமும் கண்ணுல படும்னு. ஆனா மாசிக்கு வேணாம். தைக்கும் வேணாம். வர்ற ஞாயித்துக்கெழமை விடிகாலையில கெளம்பணும், திங்கக்கெழமை பொழுது சாய வந்துருவோம். கடையில போர்டு தொங்க விட்டுட்டுப் போறேன், உரிமையாளர் காட்டுக்குப் போயிருக்கிறார்னு. பஜாரு சிரிக்கட்டும். சாக்குக்குச் சிரிச்ச பஜாருதானே.

ஏன் இம்புட்டு அவசரம்னு கேக்குறீக. கேக்கத்தான் செய்வீக.

எங்க வீட்டுக்காரக கலர்ல புலி தம்பி. ஒரு பொம்பளை சீலையைக் கொண்டாந்து காட்டிட்டு வீட்டுக்குப் போயிரலாம், மறுவாரம் வந்தா அதே அரக்குல ரவிக்கைத் துணி எடுத்து வச்சிருப்பாக, நூலு பெசகாது. மயில்கழுத்துல மட்டும் எத்தனை ரகம் சொல்லுவாக தெரியுமா? அப்பேர்ப்பட்ட ஆளு இந்த ஆடியில இருந்து எனக்குப் பரீட்சை வைக்க ஆரம்பிச்சாக. கனகு, இது என்ன கலரு சொல்லு பாப்போம். கனகு, இது கருப்பா, கரும்பச்சையா, சொல்லு பாப்போம். இம்புட்டு வருசம் என்கிட்ட ஒரு அபிப்ராயம் கேக்காத மனுசன்! எனக்குப் பெருமை தாங்கலை. ஒரு நாளு, தெரியாமத்தான் கேக்குறீகளான்னு கிண்டல் பண்ணிட்டேன். மறுநாளு கடையில இருக்க ட்யூப்லைட்டு பூராத்தையும் மாத்துனாக. வெளிச்சம் பத்தலையாம்.

அப்புறம் மாலைக்கோயில் திருவிழாவுக்குப் போன அன்னைக்குக் கூட்டத்துல எனக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே என்னையத் தேடுனாக.

கேமராப் பையைத் தொடைச்சு வைக்கலாம்னு தெறந்தேன். லென்ஸுக்கு அடியில சின்ன மருந்துப் பாட்டிலு. என்னங்க இதுன்னேன். லென்ஸு தொடைக்குற மருந்துன்னாக. நானும் சரின்னுட்டேன். அசோக்கு கடை எதுத்தாப்புல இருக்கயில, அதை மதுரைக் கண்ணாஸ்பத்திரியில வாங்கியிருக்காக, சீட்டு ஒட்டியிருந்துச்சு. சரக்கு எடுக்கப் போறேன்னு மாசாமாசம் மதுரைக்குப் போனாக, ஒரு பண்டலும் வரலை. நான் அக்கா வீட்டுக்குன்னு சொல்லிட்டு அந்தப் பாட்டிலை எடுத்துக்கிட்டு அந்த ஆஸ்பத்திரி டாக்டரைப் போயிப் பாத்தேன். ஒங்களுக்குத் தெரியாதாம்மான்னாரு. கண்ணு நரம்பு காஞ்சுக்கிட்டு வருதாம். போனது போனதுதான், இருக்குறதை முடிஞ்ச மட்டும் புடிச்சு நிறுத்துறோம், எம்புட்டு நாளைக்குன்னு வாக்குக் குடுக்க முடியாதுன்னுட்டாரு. தை வரைக்கும் எப்படி இருக்கும்னு கேட்டேன். பாப்போம்மான்னாரு.

இந்தா பாருங்க தம்பி, நான் அழுகலை. நீங்களும் மூஞ்சியை அப்படி வச்சுக்கிறாதீக, அவுக வாரப்ப சந்தேகம் வந்துரும். எனக்குத் தெரியும்னு அவுகளுக்குத் தெரியாது. கூட்டாளிகளுக்கும் தெரியாது. ஜவுளிக்காரனுக்குக் கண்ணு போச்சுன்னு வெளிய தெரிஞ்சா, கலரை மாத்திக் குடுத்துருவான்னு ஒருத்தி வர மாட்டா. அதுக்காக மறைக்கிறாகளா, நான் ஒடைஞ்சு போயிருவேன்னு மறைக்கிறாகளா, எனக்குத் தெரியலை. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா மொதல்ல காட்டைப் பாத்துரட்டும்.

அதனால ஒண்ணே ஒண்ணுதான். மலையில ஏறயில அவுக எங்க நிப்பாட்டச் சொன்னாலும் நிப்பாட்டுங்க. அங்க ஒண்ணும் இல்லையேன்னு மட்டும் சொல்லிறாதீக. சாக்காவே இருந்தாலும் மயிலுதான். இலை பச்சையாத்தான் இருக்கும், அதுவும் அவுக கண்ணால பாத்ததா இருக்கும்ல. என்ன கலருன்னு கேட்டா அது என் பாடு, நான் சொல்லிக்கிறேன்.

இந்தா, எந்திரிச்சுட்டாக. இனிமே நீங்க வாயே தெறக்கக் கூடாது, நான் பேசுறதைக் கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க. ரோட்டைத் தாண்டி வரணும்ல. நான் போயிக் கையைப் புடிச்சா பஜாருக்கும் தெரிஞ்சுபோகும், அவுகளுக்கும் தெரிஞ்சுபோகும். சத்தம் போட்டு ஏசினா, அந்தச் சத்தத்தைப் புடிச்சுக்கிட்டே நேரா வந்துருவாக. கொஞ்ச நாளா அப்படித்தான் வாராக. இவளுக்கு வாயி கூடிப்போச்சுன்னு எல்லாரும் சொல்றாக. சொல்லிட்டுப் போகட்டும்.

ஏங்க! மெதுவா வாங்க, மானு ஒண்ணும் ஓடிப்போகாது! இங்கிட்டு, இங்கிட்டு, கல்லாப் பக்கம்தான் நிக்கிறேன்! எவனோ கூறுகெட்டவன் பைக்கை வாசலுக்குக் குறுக்க நிப்பாட்டிட்டுப் போயிருக்கான் பாருங்க, அவனை நாலு கேள்வி கேக்கணும்! பாத்தீகளா தம்பி, பெரிய போட்டோகிராபரு நடந்து வார நடையை! ஆங், படியில தண்ணி கெடக்கு, எவளோ ஊத்தி வச்சிருக்கா! இன்னும் ஒரு படி! வாங்க, வாங்க. இவுக பாலவனத்தத்துத் தம்பி, வேனு வச்சிருக்காக. ஞாயித்துக்கெழமை விடிகாலையில கெளம்புறோம். ஆமா, கடையைப் பூட்டிட்டுத்தான். மேகமலையில இலை செவந்துருச்சாம்ங்க. இவுக நேத்துத்தான் பாத்துட்டு வந்தாகளாம்.