சிவப்பில்லாத ஏரி

பத்தொன்பது வருடமாக எனக்கு அதே நாற்காலிதான், முதுகுக்குச் சுகமானது. அதில் உட்கார்ந்தபடியே இந்த மாவட்டத்துக் கரடிகளைக் கவனித்துக்கொண்டேன். அவற்றின் கழுத்தில் மாட்டிய பட்டைகள் அனுப்பும் இடப்புள்ளிகளை வரைபடத்தில் சேர்ப்பேன். எந்தக் கரடி எந்தக் குகையில் தூங்குகிறது, குட்டி போட்டிருக்கிறதா, பனிவண்டி எவ்வழியே போகலாம், எல்லாம் என் திரையில் இருக்கும். ஏரிகளில் பனிக்கட்டி மெலிந்த இடங்களுக்குச் சிவப்பு அடிப்பேன்.

பிப்ரவரியில் இரண்டு தாய்க்கரடிகளைக் குகைக்குள் தூக்கத்திலேயே யாரோ சுட்டுக் கொன்றார்கள். இரண்டாவது குகைக்கு நானே போனேன். குட்டிகள் தாயின் மடியில் ஒட்டியபடி விறைத்திருந்தன. அன்றிலிருந்து கண்ணை மூடினால் அவை பால் குடிக்கும் சத்தம் கேட்கிறது. இப்போதும், நீங்கள் என் வாக்குமூலத்தை எழுதுவதை நிறுத்தும்போது, கேட்கிறது.

குகைகள் இருக்குமிடம் தெரிந்தவர்கள் இருவர்தான்: நானும், களப்பணிக்குப் போகும் தோர்கெலும். நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவன் தெற்கிலிருந்து வந்து இரண்டு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. "குன்வோர், உன் படம் இருக்கிறப்ப எனக்குக் கண்ணு எதுக்கு?" என்று கிண்டலடிப்பான். வியாழக்கிழமை அவன் ஏரியைக் கடந்து மூன்றாவது குகையைப் பார்க்கப் போக வேண்டும். திங்களன்று, ஓடை ஏரியில் கலக்கும் இடத்துச் சிவப்பை எடுத்துவிட்டு, வண்டித்தடத்தை அதன் குறுக்கே நகர்த்தினேன். நான் செய்தது அவ்வளவுதான். மேலே பனி மூடிவிட்டால் அங்கே கட்டி மெலிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

செவ்வாயன்று, இணையத்தில் பொதுமக்களுக்காக நான் வைத்திருந்த படத்தைத் திறந்தேன். குகைகளை மறைக்க மறந்திருந்தேன். ஜனவரியிலிருந்தே யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். உடனே மறைத்தேன்.

சிவப்பைத் திரும்பப் போட அரை நிமிடம் போதும். ஆனால் அதை ஏன் எடுத்தாய் என்று யாராவது கேட்டிருப்பார்கள். பத்தொன்பது வருடத்தில் என் வேலையை யாரும் கேள்வி கேட்டதில்லை.

புதன்கிழமை தோர்கெல் எனக்கு ஏலக்காய் ரொட்டி வாங்கிவந்தான். "இந்தா, தின்னு. நேத்துப் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டிருந்தியே, கரடிகூட உன்னைப் பார்த்தா பயந்துரும்." சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

வியாழன் காலை, அவன் பனிவண்டி அனுப்பும் புள்ளி என் திரையில் ஏரிக்குள் இறங்கியது. நான் வரைந்த தடத்தை விட்டு அது சற்றும் விலகவில்லை. பதினொன்று பத்துக்கு நின்றது. நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு அவன் மனைவி மாரித் அழைத்தாள். "போனை எடுக்கவே மாட்டேங்கிறார், குன்வோர். எங்க இருக்கார்னு கொஞ்சம் பாரேன்."

"ஏரிகிட்ட நிக்கிறான்" என்றேன்.

"நிக்கிறாரா? அப்பாடா. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

அவளிடம் நான் பொய் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திவிடுங்கள். புள்ளி நின்றுகொண்டுதான் இருந்தது.