டப்பாவுக்குக் கழிச்சது போக

புருஷோத்தமன்: ...இன்னும் கொறைஞ்சுடுச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க மேடம். மனசு தாங்காது.

பிரிஸ்கில்லா: எடையே இன்னும் பாக்கல. அதுக்குள்ள என்ன தாங்காது? கிளிய வெளிய எடுங்க.

புருஷோத்தமன்: ஜரிக... ஏ ஜரிக, வா கண்ணு. டாக்டரம்மா கூப்டறாங்க பாரு.

பிரிஸ்கில்லா: நான் டாக்டர் இல்லன்னு எத்தனை தடவை சொல்றது? கால்நடை ஆய்வாளர். மாட்டுக்கு ஊசி போடுவேன், ஆட்டுக்கு மருந்து ஊத்துவேன். கிளி எல்லாம் என் வேலையிலயே சேராது.

புருஷோத்தமன்: சேராதுன்னு சொல்லிக்கினேதான் வாரா வாரம் பாக்கறீங்க.

பிரிஸ்கில்லா: வாரா வாரம் கொண்டு வந்து நின்னா? போ போன்னு தொரத்தவா?

செல்லம்மாள்: ஏம்மா, நான் ஒருத்தி ஆட்ட இஸ்துக்கினு வந்து வாசல்லயே குந்திக்கினு கீறேன். மொதல்ல கிளி, அப்பறந்தான் ஆடா?

பிரிஸ்கில்லா: ஒரே நிமிஷம் செல்லம்மா. இத முடிச்சுட்டு உங்க ஆடுதான். உள்ள வாங்க, நெழல்ல உக்காருங்க.

செல்லம்மாள்: யாரு அது... புருசோத்தா? அட இவனே! பக்கத்து வூட்ல கீற, சைக்கிள்ல கிளிய இட்டுக்கினு எங்கடா போறன்னு கேட்டா, சும்மான்னு சொன்னியேடா?

புருஷோத்தமன்: சும்மாதான் சின்னம்மா. கொஞ்சம் எட கொறைவா கீது, அதான்...

செல்லம்மாள்: எது, இதுவா? கழுத்து எங்க கீதுன்னே தெரியல. பறக்குதா, இல்ல நடந்தே வந்துச்சா?

பிரிஸ்கில்லா: ...அது றெக்கை உப்பிக்கிட்டு இருக்கு. பாக்க அப்படித்தான் தெரியும்.

செல்லம்மாள்: ஓ.

பிரிஸ்கில்லா: காக்டெய்ல் கிளிக்குன்னு ஒரு எடை இருக்கு. இந்த வளத்திக்கு நூறு கிராமாவது இருக்கணும். போன வாரம் எண்பத்தஞ்சுதான்.

செல்லம்மாள்: அப்டியா? தோ பாரேன்...

பிரிஸ்கில்லா: சரி, தராசுல முதல்ல காலி டப்பா. வெச்சாச்சு. பட்டன அமுக்கினா... பூஜ்யம். இப்ப உள்ள விடுங்க. மெதுவா.

புருஷோத்தமன்: போ கண்ணு, போ. ஆடாத. ...பாத்தீங்களா, விசில் அடிக்குது. தறி ஓடற சத்தம் மாதிரியே அடிக்கும். உங்களப் பாத்தா மட்டும் ரெண்டு தபா அடிக்கும்.

பிரிஸ்கில்லா: அதுக்குத் தினை போடற கை இதுன்னு தெரியும். அவ்வளவுதான்.

புருஷோத்தமன்: தினை நான்தான போடறேன்?

பிரிஸ்கில்லா: பேசாதீங்க, நம்பர் ஆடுது. ...நூத்திப் பன்னெண்டு.

புருஷோத்தமன்: நூத்திப் பன்னெண்டு.

பிரிஸ்கில்லா: டப்பாவுக்கு இருபத்தஞ்சு கழிச்சா... எண்பத்தேழு.

புருஷோத்தமன்: எண்பத்தேழுதானா! த்சொ... இன்னா மேடம் இது பேஜாரா கீது. நீங்க சொன்ன மாதிரி அவிச்ச முட்டை, கம்பு, தினை... எல்லாம் வேளா வேளைக்கு நாஷ்டா மாதிரி குடுக்கறேன்.

பிரிஸ்கில்லா: ரெண்டு கிராம் ஏறியிருக்கு இல்ல? அடுத்த வாரம்... அடுத்த வாரம் பாக்கலாம்.

செல்லம்மாள்: இரும்மா, இரு. எனக்கு ஒண்ணு புரியல.

பிரிஸ்கில்லா: என்ன செல்லம்மா?

செல்லம்மாள்: டப்பாவ வெச்சுதான பூஜ்யம் ஆக்கின?

பிரிஸ்கில்லா: ...ஆமா.

செல்லம்மாள்: அப்ப டப்பா எட ஏற்கெனவே போயிடுச்சே. மறுக்கா இன்னாத்துக்கு இருபத்தஞ்சு கழிக்கிற?

புருஷோத்தமன்: சின்னம்மா, உன் ஆடு எங்க பாரு. அவுத்துக்கினு போவுது.

செல்லம்மாள்: எங்க போவுது, என் காலடியிலதான் படுத்துனு கீது. நான் கேக்கறது...

புருஷோத்தமன்: இது கவர்மென்ட்டு தராசு சின்னம்மா. அதோட கணக்கு வேற.

செல்லம்மாள்: தராசுக்கு இன்னாடா கவர்மென்ட்டு கணக்கு? நான் உனக்குக் கட்டையில பட்டு நூல் சுத்திக் குடுக்கறனே, காலி கட்டைய வெச்சு பூஜ்யம் ஆக்கிட்டுத்தான பட்ட எட போடற? மறுக்கா கட்டைக்குக் கழிப்பியா? போன மாசம் அரை கிராம் பட்டு கொறையுதுன்னு என் வூட்டு வாசல்ல வந்து ஊரக் கூட்டின... மறந்துட்டியா?

புருஷோத்தமன்: அது வந்து...

செல்லம்மாள்: அரை கிராமுக்கு அந்தக் குதி குதிச்சவன், இங்க இருபத்தஞ்சு கிராம் போவுது, வாய மூடிக்கினு நிக்கற? ஏம்மா, நீ சொல்லு.

பிரிஸ்கில்லா: ஆட்டைத் தூக்கி மேசை மேல வைங்க செல்லம்மா. என்ன அதுக்கு?

செல்லம்மாள்: ரெண்டு நாளா அசை போடல. ...ம்ம். ஓஹோ. அப்டியா சங்கதி.

புருஷோத்தமன்: இன்னா சங்கதி? ஒண்ணும் இல்ல.

செல்லம்மாள்: நான் ஒண்ணுமே கேக்கலயேடா.

பிரிஸ்கில்லா: வயிறு உப்பியிருக்கு. ஊறவெச்ச அரிசி தின்னுச்சா?

செல்லம்மாள்: மாவாட்ட வெச்சிருந்தத மேஞ்சிடுச்சு. நீ எப்டிம்மா கண்டுபுடிச்ச? ஆட்டுக்கு இவ்ளோ கரெக்டா சொல்ற. கிளி வந்தா மட்டும் கணக்கு தப்புது.

பிரிஸ்கில்லா: வாயைப் புடிங்க, மருந்து ஊத்தணும். ஆட்டு வாயை.

செல்லம்மாள்: ஹா ஹா... சரி சரி. இந்தா. ...பாவம்டா புருசோத்து, இனிமே நீ எங்க போய் எட பாப்ப? இன்னியோட இந்தம்மா கெளம்புதே.

புருஷோத்தமன்: எங்க கெளம்பறாங்க?

செல்லம்மாள்: கூரம். மாத்திட்டாங்களாம். பால் ஊத்தற எடத்துல எல்லாம் அதே பேச்சு. உனக்குத் தெரியாது?

புருஷோத்தமன்: ...தெரியாது.

செல்லம்மாள்: அய்ய. நான்தான் ஒளறிட்டனா?

பிரிஸ்கில்லா: பரவால்ல செல்லம்மா. இன்னிக்கு சொல்லலாம்னுதான் இருந்தேன். ஆட்டுக்கு சாயந்தரம் வரைக்கும் தீனி வேணாம். தண்ணி மட்டும் காட்டுங்க.

செல்லம்மாள்: சரிம்மா. நல்லா இரு. எங்க ஊரு ஆடு மாடெல்லாம் உன் பேரச் சொல்லும். ...டேய், நீயும் ஏதாவது சொல்லித் தொலை. முப்பத்தஞ்சு வயசாவுது, தறிக்காரனுக்கு யாரு பொண்ணு குடுப்பான்னு உங்கம்மா பொலம்பினே கீது. நீ கிளிக்கு முட்டை அவிச்சுக்கினு கீற.

புருஷோத்தமன்: சின்னம்மா...!

செல்லம்மாள்: போறேன்டா, போறேன். என் ஆட்டுக்கு மருந்து ஊத்தியாச்சு. எனக்கு இன்னா வேலை இங்க?

புருஷோத்தமன்: கூரம் போறது போன வாரமே தெரியுமா?

பிரிஸ்கில்லா: தெரியும்.

புருஷோத்தமன்: அடுத்த வாரம் பாக்கலாம்னு இப்பகூட சொன்னீங்க.

பிரிஸ்கில்லா: பழக்கத்துல வந்துடுச்சு.

புருஷோத்தமன்: கூரம்னா... காஞ்சிபுரம் போயி, அங்க வேற பஸ் மாறணும். கிளிய எட்த்துக்கினு பஸ்ல ஏற உடுவானா கண்டக்டரு?

பிரிஸ்கில்லா: டிக்கெட் போடுவான்.

புருஷோத்தமன்: நான் சீரியஸா பேசறேன் மேடம்.

பிரிஸ்கில்லா: நானும்தான். இனிமே அலைய வேணாம். என் எடத்துக்கு ஞானதாஸ்னு ஒருத்தர் வர்றாரு. நல்ல மனுஷன். அவர் பாத்துக்குவாரு.

புருஷோத்தமன்: அவரு எப்டி... நல்லா எட பாப்பாரா?

பிரிஸ்கில்லா: பாப்பாரு. டப்பாவுக்கு ஒரு தடவைதான் கழிப்பாரு. ...என்ன, சிரிக்கறீங்களா?

புருஷோத்தமன்: இல்ல... ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?

பிரிஸ்கில்லா: சொல்லுங்க.

புருஷோத்தமன்: எங்க வூட்ல தராசு கீது.

பிரிஸ்கில்லா: தறி போடறவங்க வீட்ல தராசு இல்லாமயா? செல்லம்மா இப்பதான கத்திட்டுப் போனாங்க.

புருஷோத்தமன்: அது இல்ல. இங்க கெளம்பறதுக்கு முன்னாடி வாரா வாரம் அதுல ஜரிகைய எட போட்டுட்டுத்தான் வருவேன். நூத்திப் பத்து, நூத்திப் பதினொண்ணு... இங்க வந்து எண்பத்தாறுன்னு கேட்டுட்டு த்சொ த்சொன்னுவேன்.

பிரிஸ்கில்லா: அடப்பாவி. அப்ப அந்த மூஞ்சியெல்லாம்?

புருஷோத்தமன்: சைக்கிள் மிதிச்சுக்கினே பழகிக்கினு வருவேன்.

பிரிஸ்கில்லா: தெரிஞ்சே ஏன் வாயத் தொறக்கல? அரை கிராமுக்கு ஊரக் கூட்டற ஆளாச்சே.

புருஷோத்தமன்: தொறந்தா இன்னா ஆவும்? கிளி நல்லாத்தான் கீது, இனிமே வர வேணாம்னு சொல்டுவீங்க. அந்தப் பயம்தான். ஒரு வாரம் எங்கனா கரெக்டா கழிச்சுடுவீங்களோன்னு, அன்னிக்கு இதுக்குக் காலை நாஷ்டாவ நிறுத்திடலாமான்னுகூட யோசிச்சேன். மனசு வர்ல. மூஞ்ச மூஞ்ச பாத்துச்சு.

பிரிஸ்கில்லா: நல்ல வேளை. பட்டினி போட்டிருந்தா அன்னியோட உங்க மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டேன்.

புருஷோத்தமன்: போடலையே! அதுக்கு பதிலா நெறைய போட்டுட்டேன் போல. நேத்து கூண்டு மேல ஏற சொல்லோ வழுக்கி உழுந்துச்சு.

பிரிஸ்கில்லா: முட்டைய நிறுத்துங்க. இன்னிக்கே. வெளிய விட்டுப் பறக்க விடுங்க. அதுக்கு உண்மையா ஏதாவது ஆயிடுச்சுன்னா என்னால தாங்க முடியாது. ஒவ்வொரு வாரமும் இந்த வாரம் சொல்லிடணும், இந்த வாரம் சொல்லிடணும்னு...

புருஷோத்தமன்: இன்னா சொல்லிடணும்னு?

பிரிஸ்கில்லா: ஒண்ணுமில்ல. முட்டைய நிறுத்துங்கன்னு.

புருஷோத்தமன்: மேடம்... நானும் ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா நெஞ்சுல கீது.

பிரிஸ்கில்லா: கேளுங்க. பைய எடுத்து வெச்சுக்கிட்டே கேக்கறேன். சாவிய ஒப்படைக்கணும்.

புருஷோத்தமன்: டப்பாவுக்கு ரெண்டு தபா கழிச்சது... தெரியாம செஞ்சதா? தெரிஞ்சு செஞ்சதா?

பிரிஸ்கில்லா: தெரியாமன்னு சொன்னா?

புருஷோத்தமன்: கிளிய இட்டுக்கினு போயிடுவேன். ஞானதாஸ் சாருக்கு வணக்கம் சொல்ட்டு, தறியில குந்திக்குவேன். இத்தினி நாளு நான் ஒருத்தனாத்தான் நெனச்சுக்கினு இருந்தேன்னு ஆயிடும். பரவால்ல... இல்ல, பரவால்லைன்னு சொல்ல மாட்டேன். கஷ்டமாத்தான் கீது, இப்பவே.

பிரிஸ்கில்லா: தெரிஞ்சேன்னு சொன்னா?

புருஷோத்தமன்: ஞாயித்துக்கெழமை எங்கம்மாவ உங்க வூட்டுக்கு இட்டாருவேன்.

பிரிஸ்கில்லா: அவங்களும் எடை கொறைவா?

புருஷோத்தமன்: வெளையாடாதீங்க மேடம்.

பிரிஸ்கில்லா: உங்கம்மா கோயிலுக்குப் போறவங்க. ஞாயித்துக்கெழமை காலைல நான் சர்ச்சுல இருப்பேன். எங்க அப்பா மதுராந்தகத்துலேர்ந்து வந்து ஒரே கத்து கத்துவாரு. இதெல்லாம் யோசிச்சீங்களா?

புருஷோத்தமன்: யோசிச்சேன். எங்கம்மாவும் கத்தும். மொதல்ல அழும், அப்பறம் கத்தும், அப்பறம் உங்களுக்கு இன்னா கொழம்பு புடிக்கும்னு கேக்கும். இங்க வந்துட்டுப் போற வழி பூரா இத்தத்தான் யோசிச்சேன். வேற இன்னா வேலை சைக்கிள்ல? ...நீங்க பையில இன்னாத்தயோ அடைச்சுக்கினே கீறீங்க. ...மேடம், அத ஏன் வைக்கிறீங்க?

பிரிஸ்கில்லா: எத?

புருஷோத்தமன்: தராச. கவர்மென்ட்டு சாமான் ஆச்சே அது. எட்த்துக்கினு போனா நாளைக்கு ஞானதாஸ் சார் வந்து கேக்க மாட்டாரா?

பிரிஸ்கில்லா: கவர்மென்ட் குடுத்தது அதோ தொங்குது பாருங்க, ஆட்டுத் தராசு, அது ஒண்ணுதான். அதுல உங்க கிளி ஏறி நின்னா முள்ளுகூட அசையாது. இது என்னோடது. முதல் தடவை நீங்க வந்தப்ப, கிளி கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கு, அடுத்த வாரம் கொண்டு வாங்க, எடை பாக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டேன் இல்ல... அன்னிக்கு சாயந்தரமே காஞ்சிபுரம் பஸ் ஏறிப் போய் வாங்கிட்டு வந்தேன்.