வலப்பக்கம் இழுத்த படகு

காலையிலேயே வந்திருந்தால் இவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியதில்லை என்று வாசலில் இருந்த போலீஸ்காரர் வருத்தப்பட்டார். பரவாயில்லை, இன்ஸ்பெக்டர். சூடான இன்ஜின் ஆறும்வரை அதில் கை வைக்கக் கூடாது. இருபத்தாறு ஆண்டுகள் செம்பனை எண்ணெய் ஆலையில் தலைமை மெக்கானிக்காக இருந்தவன் நான். காத்திருப்பது எனக்குப் பழக்கம்தான்.

என் பெயர் அந்தோணிதாஸ். வீடு ஈஜோக்கில். ஓய்வு பெற்ற பிறகு ரிமோட்டில் ஓடும் பந்தயப் படகு ஒன்று கட்டினேன். நான்கடி நீளம், பன்னிரண்டு கிலோ. இரண்டு பெட்ரோல் இன்ஜின்கள். ஒவ்வோர் இன்ஜினிலிருந்தும் ஒரு சுழலும் கம்பி பின்னால் போய்த் தன் விசிறியைச் சுற்றும். முழு வேகத்தில் மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் தொடும்.

ஆனால் நேராக ஓடாது. பாதி வேகம்வரை ஒழுங்காக இருக்கும். முழு வேகம் கொடுத்ததும் வலப்பக்கம் இழுக்கும். நூறு மீட்டருக்குள் எட்டு மீட்டர் விலகிவிடும்.

ஐந்து மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். விசிறிகளை மாற்றினேன். சுக்கானைக் கழற்றி மாட்டினேன். பேட்டரியை இடப்பக்கம் தள்ளி எடையைச் சரிபார்த்தேன். கார்புரேட்டர் இரண்டையும் பிரித்துக் கழுவினேன். கடைசியில் வலது இன்ஜினை இடப்பக்கமும் இடது இன்ஜினை வலப்பக்கமும் மாற்றிப் பொருத்தினேன். அப்போதும் வலப்பக்கமே இழுத்தது. அன்று சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். என் மனைவி டொரீன் சொன்னாள், "விளையாட்டுச் சாமான்தானே, வித்துத் தொலைங்க." அதற்குப் பிறகு நான்கு நாள் அவளோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஈயம் தோண்டிய பழைய குட்டையில் ஏழெட்டுப் பேர் படகு விடுவோம். சன்னாசியும் வருவான். பாசிர் பெனம்பாங்கில் மீன்காரர்களுக்கு ஐஸ் ஏற்றும் லோரி ஓட்டுபவன். அவனுக்குச் சொந்தமாகப் படகு கிடையாது. யாருடைய படகாவது நடுக்குளத்தில் நின்றுபோனால் சின்னச் சம்பான் படகைத் துடுப்புப் போட்டுப் போய் எடுத்து வருவான். டொரீனுக்குப் பிடிக்கும் என்று நண்டு கொண்டுவந்து கொடுப்பான். நல்லவன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சம்பவத்துக்கு முந்திய ஞாயிறு நான் நான்காவது முறையாகப் படகை ஓட்டிவிட்டுக் கரையேற்றினேன். சன்னாசி பக்கத்தில் வந்து குந்தினான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. வலது இன்ஜின் சும்மா கத்துது. பலம் தண்ணிக்குப் போகல லா. என் லோரியில கிளட்ச் வழுக்குறப்ப இப்படித்தான் கத்தும்."

இதில் கிளட்சே இல்லை என்றேன்.

"இல்லாட்டி என்ன? எங்கயோ வழுக்குது. பிடிப்பப் பாருங்க."

ரெய்மண்ட் என்று ஒருவன், எங்கள் குழுவில் எல்லோரையும் கேலி செய்பவன், கேட்டுக்கொண்டிருந்தான். "ஐஸ் லோரி டிரைவர் அஞ்சு நிமிசத்துல கண்டுபிடிச்சிட்டாரு. தலைமை மெக்கானிக் அஞ்சு மாசமா என்னய்யா பண்ணுறீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். சன்னாசி சிரிக்கவில்லை. "அண்ணனுக்குத் தெரியாததா" என்றான். சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

சனிக்கிழமை மாலை படகைத் திறந்தேன். கம்பியின் இரண்டு துண்டுகளும் நடுவில் சேரும் இடத்தில் கவ்விப் பிடிக்கும் திருகு ஒன்று உண்டு; இன்ஜினை மாற்ற அதைக் கழற்ற வேண்டியதில்லை. ஐந்து மாதத்தில் நான் தொடாத இடம் அது மட்டும்தான். முடுக்கியது என் கை. அதனால் அதைச் சந்தேகப்படவில்லை. வலப்பக்கத் திருகு அரை மயிரிழை தளர்ந்திருந்தது. கம்பியில் வழுக்கிய தடம் பளபளவென்று தெரிந்தது. வழித்துத் துடைத்து, முடுக்கி, தனியாகக் குட்டைக்குக் கொண்டுபோய் ஓட்டினேன். முழு வேகத்தில் நூல் பிடித்தாற்போல் ஓடியது. ஆறு முறை ஓட்டினேன். ஆறு முறையும் நேர்.

மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். கரையில் உட்கார்ந்து யோசித்தேன். மறுநாள் படகு நேராக ஓடும். சன்னாசி, "நான் சொன்னேன்ல அண்ணே" என்பான். அவன் சொல்லாவிட்டாலும் ரெய்மண்ட் சொல்வான். இனி ஒவ்வொரு ஞாயிறும் அதைச் சொல்வார்கள்.

ஆகவே மறுநாள் படகு இன்னும் சரியாகவில்லை என்றேன். கையிலிருந்த ரிமோட்டின் சக்கரத்தை லேசாகத் திருப்பி, வழக்கம்போல் எட்டு மீட்டர் விலகவிட்டேன். இரண்டு முறை. எல்லோரும் பார்த்தார்கள்.

"சன்னாசி, எவ்வளவு விலகுதுன்னு பாக்கணும். வலப்பக்கம் அந்த மணல் திட்டுல கொடிக் கம்பத்தோட நிக்கிறியா? பதினஞ்சு மீட்டர் தள்ளித்தான் இருக்கு."

"நிக்கிறேண்ணே" என்றான்.

முழங்கால் தண்ணீரில் நின்றான். கம்பம் ஆடக் கூடாது, இரண்டு கையாலும் பிடி என்று கத்தினேன். அப்படியே பிடித்தான். திட்டின் மணலில் தட்டி எம்பிய படகு முகத்துக்கு நேராகப் பாய்ந்தது. கம்பத்தை விட்டிருந்தால் முகத்தை மறைக்கக் கை இருந்திருக்கும். கடைசிவரை விடவில்லை.

மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தான். மூன்றாம் நாள் அடக்கம். நான் பெட்டி தூக்கினேன். அவன் மனைவி மாதவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணே, அந்தப் படகுல என்னதாண்ணே கோளாறு? கடைசிவரைக்கும் தெரியலையா?"

"தெரியலம்மா" என்றேன். அவளுடைய வீட்டு வாசலில் அத்தனை பேர் நிற்க, தெரியவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நேற்று உங்கள் அறிக்கையின் நகல் வந்தது. விபத்து என்று முடித்துவிட்டீர்கள். நல்லது. அடுத்த வரியில், 'படகின் பழுதை உரிமையாளரால் கண்டறிய இயலவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். படகு உடைந்துபோனதால் உங்கள் ஆட்களாலும் சோதிக்க முடியவில்லையாம். டொரீன் அதைப் படித்துவிட்டு, "விடுங்க, உங்களுக்கும் வயசாயிடுச்சு" என்றாள்.

அதனால்தான் நானே வந்தேன். அன்று படகில் எந்தப் பழுதும் இல்லை. சக்கரத்தை வலப்பக்கம் முழுக்கத் திருப்பி அவன்மேல் விட்டது நான். கொல்ல வேண்டும் என்றுதான் விட்டேன். அதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள், இன்ஸ்பெக்டர். பழுதைக் கண்டுபிடித்தது நான்; யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.