சேற்றில் நின்ற கவுண்டி அலுவலகம்

நெப்ராஸ்கா, வில்லார்ட் கவுண்டி, லிண்டன் ஊரில் வசிக்கும் எஃப்ரைம் கல்வர், வயது 58, கவுண்டிப் பதிவு எழுத்தர், 1874 மே 11ஆம் தேதி நீதிபதி முன்பு சொன்னதாவது:

ஆறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இதே கதையை இதற்குள் மூன்று பேரிடம் சொல்லி வாய் வலிக்கிறது. சென்ற மார்ச்சில் கவுண்டியின், அதாவது எங்கள் மாவட்டத்தின், தலைமையிடத்தை ஹார்மனிலிருந்து லிண்டனுக்கு மாற்ற ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். புதுக் கட்டடம் கட்ட ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. அதன் பிறகு ஹார்மனில் இருந்த பழைய மர அலுவலகத்தையே பெயர்த்து உருளைக் கட்டைகள் மேல் ஏற்றி, இருபது ஜோடி எருதுகளைப் பூட்டி, ஒன்பது மைல் இழுத்துப்போவதென்று முடிவானது. பதிவுப் புத்தகங்களைத் தனியாக விட மாட்டேன் என்று நானும் உள்ளேயே உட்கார்ந்து போனேன். ஏப்ரல் 13 திங்கட்கிழமை, பாதி வழியில், கட்டடத்தின் ஒரு மூலை சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. வண்டிக்காரன் ஒருவன், "கிளார்க்கு ஐயா, கதவத் தட்டிட்டு வரணுமா, ஏறிக் குதிச்சு வரணுமா?" என்று கேலி செய்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை இங்கெபோர்க் ட்வெய்ட் என்ற நார்வேக்கார அம்மாள் கிரயப் பத்திரத்துடன் வந்தார். விதவை, மூன்று பிள்ளைகள். அவர் வாங்கியது எண்பது ஏக்கர். "பன்னண்டு மைல் நடந்து வந்திருக்கேன்யா. இன்னொரு நாள் வான்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். சாய்ந்த மேசையில் மைக்கூட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் பதிந்தேன்.

அதன் பிறகு வியாழக்கிழமை லிண்டன் போய்ச் சேர்ந்தோம். அன்றே கவுண்டி கமிஷனர் லூதர் பிராக்கெட் அதே எண்பது ஏக்கருக்கு முந்தின நாள் எழுதி வாங்கிய வேறொரு பத்திரத்தை நீட்டினார். விற்ற ஆசாமி இரண்டு பேருக்கும் விற்றுவிட்டு ஓடிப்போயிருக்கிறான். யார் முதலில் பதிந்தாரோ அவருக்கே நிலம் என்பது சட்டம். பிராக்கெட், "நடுக்காட்டுல நின்ன கூண்டு ஆபீஸே இல்லய்யா. அங்க எழுதினது எப்படிச் செல்லும்?" என்றார். செல்லாது என்றால் அந்த அம்மாள் அங்கே கட்டிய மண் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சோளம் விதைத்தாகிவிட்டது.

அதன் பிறகு அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "கல்வர், அந்தம்மா பத்திரம் எனக்கப்புறம் வெள்ளிக்கிழமை எழுதினதுன்னு சொல்லிடும். இந்த வயசுல வேலை போச்சுன்னா எங்கய்யா போவீரு?" என்றார். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் பயமாகத்தான் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வேறு ஏதும் பதிந்தேனா என்று நீதிபதி கேட்டதற்குச் சொல்கிறேன். பதிந்தேன். அன்று மத்தியானம் பிராக்கெட் குதிரையில் வந்தார். அவர் கமிஷனராகப் பிரமாணம் எடுத்துப் பதிய அன்றே கடைசி நாள்; தவறினால் பதவி போய்விடும். மற்ற புத்தகங்கள் பெட்டிகளில் ஆணியடித்துக் கிடந்தன. அதனால் அந்த அம்மாளின் பதிவுக்குக் கீழேயே, அதே பக்கத்தில், அவருடைய பிரமாணத்தையும் எழுதினேன். அவர் கையொப்பம் அங்கே இருக்கிறது. அந்தப் பக்கம் செல்லாது என்றால் அவர் கமிஷனரே இல்லை. எது வேண்டுமென்று அவரே சொல்லட்டும்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை.

(ஒப்பம்) எஃப்ரைம் கல்வர்